பார்த்துச் சொல்லும் கூலி

ஹைதராபாத்தின் பேகம்பேட்டில் ஓர் உள்ளூர்க் காரின் வயதை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. நம்பர் பிளேட்டே சொல்லிவிடும். 'ஏபி' என்று தொடங்கினால், 2014 ஜூனில் தெலங்கானா தனி மாநிலம் ஆவதற்கு முன்பு பதிவான வண்டி. 'டிஎஸ்' என்றால் அதற்குப் பிந்தைய பத்தாண்டு. 2024 மார்ச்சிலிருந்து 'டிஜி'. சர்தார் படேல் சாலையில் மெட்ரோ தூண்களை ஒட்டி நகரும் வரிசையில் புது எழுத்துகள்தான் அதிகம் கண்ணில் படுகின்றன. பிரகாஷ் நகர் பக்கம் ஒரு சந்துக்குள் திரும்பினால், தகரக் கூரைக்கு அடியில் ஏபி வண்டிகள் நெருக்கியடித்து நிற்கின்றன.

அந்தப் பட்டறையை நடத்துபவரை எல்லோரும் உஸ்தாத் என்றே கூப்பிடுகிறார்கள். அறுபதை நெருங்குகிறவர். பழைய நகரத்தில் ஒரு ஷெட்டில் ஸ்பேனர் துடைக்கும் பையனாக வேலைக்குச் சேர்ந்தவர். டிங்கரிங் பார்ப்பவர் வாணியம்பாடிக்காரர். உஸ்தாதிடம் உருதிலும் என்னிடம் தமிழிலும் பேசிக்கொண்டே, ஒரு கதவின் ஒடுக்கை உள்பக்கமிருந்து தட்டி எடுத்துக்கொண்டிருந்தார். இவர்களோடு எலக்ட்ரீஷியன் ஒருவரும், தொழில் பழகும் இரண்டு இளைஞர்களும் இருக்கிறார்கள். இன்ஜின் பிளாக்கைக் கடைசல் பிடிக்க லேத்துக்கும், ஸ்பேர் வாங்க ராணிகஞ்சுக்கும் ஓடுவது அந்த இளைஞர்களின் வேலை.

இங்கே வரும் வண்டிக்காரர்களில் பலர் ரிப்பேருக்கு மட்டும் வருவதில்லை. "இதுக்குச் செலவு பண்ணலாமா, தள்ளிவிட்டுப் புதுசு வாங்கலாமா?" என்று கேட்க வருகிறார்கள்.

அன்று அந்தக் கேள்வியோடு நின்றது ஒரு வெள்ளி நிறச் சான்ட்ரோ. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் பிறந்த வண்டி. 1998இல் அங்கிருந்து வெளிவரத் தொடங்கிய அந்த மாடலின் தயாரிப்பு 2014 இறுதியில் நின்றுபோனது. சொந்தக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர். காலையில் ஸ்டார்ட் செய்ததும் புகை, மேம்பாலம் ஏறினால் இழுவை இல்லை என்பது அவர் புகார். வேறொரு இடத்தில் இன்ஜினையே மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால் விற்றுவிடும் முடிவோடுதான் வந்திருந்தார்.

உஸ்தாத் முதலில் புகையைப் பார்த்தார். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. வெள்ளையாக, ஒரு இனிப்பு வாடையோடு வந்தால் ரேடியேட்டரில் இருக்க வேண்டிய கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்குகிறது. நீலத்திலும் இரண்டு வகை உண்டு. காலை முதல் ஸ்டார்ட்டில் மட்டும் குபுக்கென்று வந்து அடங்கினால் வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். ஓட ஓட வந்துகொண்டே இருந்தால் பிஸ்டன் ரிங் மீது சந்தேகம். சான்ட்ரோவில் புகை அடங்கவில்லை.

அடுத்து கம்ப்ரஷன் பார்த்தார்கள். நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் அழுத்தமானியைத் திருகி, ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தபடி செல்ஃப் அடிக்கச் சொன்னார் உஸ்தாத். மூன்று சிலிண்டர்களில் முள் 150ஐத் தாண்டியது. ஒன்றில் 100ஐத் தொடவில்லை. அங்கேயே நிறுத்திவிட்டு 'இன்ஜின் போச்சு' என்று சொல்லியிருக்கலாம். அவர் ஒரு ஸ்பூன் ஆயிலை அந்தச் சிலிண்டருக்குள் ஊற்றி மறுபடி அடிக்கச் சொன்னார். முள் மேலே ஏறியது. ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில் இருந்த இடைவெளியை ஆயில் சற்று நேரம் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். ஏறாமல் இருந்திருந்தால் பழுது வால்விலோ ஹெட் கேஸ்கட்டிலோ. ஆக, ரிங் செட், வால்வு சீல், கேஸ்கட், கூலி எல்லாம் சேர்த்து 35,000 ரூபாய் ஆகலாம் என்றார். இன்ஜினையே மாற்ற வேண்டிய அவசியம் இல்லை.

ஆசிரியர் உடனே கணக்குப் போட்டார். வண்டியே 60,000க்குத்தான் போகும், அதில் பாதிக்கு மேல் செலவா என்றார்.

இந்தக் கணக்கைத்தான் நம்மில் பெரும்பாலோர் போடுகிறோம். இன்சூரன்ஸ் நிறுவனமும் ஏறக்குறைய இதையே போடுகிறது. பாலிசியில் ஐடிவி என்று ஒரு தொகை இருக்கும். வண்டிக்கு அவர்கள் ஒப்புக்கொண்ட மதிப்பு அது. வாங்கி ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம் கழிப்பார்கள். நான்கிலிருந்து ஐந்து வயதுக்குள் 50 சதவீதம் கழிந்துவிடும். ஐந்துக்கு மேல் இரு தரப்பும் பேசி முடிவு செய்வது. ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி 'டோட்டல் லாஸ்'. பணத்தைக் கொடுத்துக் கணக்கை முடிப்பார்கள். பணத்தைத் தர வேண்டிய நிறுவனத்துக்கு அது நியாயமான அளவுகோல். தினமும் ஓட்டுகிறவருக்கு அது பொருந்தாது. அவர் அந்த 35,000ஐ ஒப்பிட வேண்டியது விற்கும் விலையோடு அல்ல. வண்டி இல்லாவிட்டால் அதன் இடத்தில் என்ன வாங்குவார், அதற்கு மாதாமாதம் எவ்வளவு தவணை கட்டுவார் என்பதோடு. ஓர் ஆண்டின் தவணையைவிடக் குறைந்த செலவில் வண்டி இன்னும் மூன்று, நான்கு ஆண்டு ஓடும் என்றால் விற்பனை விலையைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்?

ஓடுமா என்பதுதான் கேள்வி. அதற்கான பதில் இன்ஜினில் இல்லை என்பதை நான் அந்தப் பட்டறையில்தான் தெரிந்துகொண்டேன். டிங்கரிங்காரர் சான்ட்ரோவை ஜாக்கியில் தூக்கி, முட்டுக் கொடுத்து, டார்ச்சோடு அடியில் போய்ப் படுத்தார். கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ரன்னிங் போர்டு, முன் சஸ்பென்ஷன் மேலே வந்து பொருந்தும் இடம், தரைத் தகடு மூன்றையும் அதன் பிடியால் தட்டிக்கொண்டே போனார். நல்ல தகடு கணீரென்கிறது. துருப்பிடித்தது பொத்தென்கிறது. சந்தேகம் வந்த இடத்தில் முனையை வைத்து அழுத்தினார்.

சின்னக் கார்களில் லாரிக்கு இருப்பது போலத் தனிச் சேசிஸ் கிடையாது. பாடிதான் எலும்பும். இன்ஜினை இறக்கி ஏற்றலாம், கியர்பாக்ஸை மாற்றலாம். சஸ்பென்ஷன் பொருந்தும் தகடே உளுத்துவிட்டால், பட்டியும் பெயின்டும் போட்டு மறைப்பது உயிரோடு விளையாடுவது. "மெட்ராஸ் வண்டி வந்தா பானெட்டைத் திறக்கறதுக்கு முன்னாடி அடியிலதான் சார் பார்ப்போம். கடக்காத்துல நின்ன வண்டி" என்றார் அவர். சான்ட்ரோவில் ஒரு ரன்னிங் போர்டின் பின்முனையில் மட்டும் விரலளவு துரு. வெட்டியெடுத்துப் புதுத் தகடு வெல்டு வைக்கலாம் என்று முடிவானது.

மழைத் தண்ணீரில் நின்ற வண்டியின் விஷயம் வேறு. ஹுசேன் சாகருக்குப் போகும் குகட்பள்ளி ஓடை பேகம்பேட் வழியாகத்தான் செல்கிறது. 2020 அக்டோபரில் ஹைதராபாத்தை வெள்ளம் சூழ்ந்தபோது ஏராளமான கார்கள் நீரில் மூழ்கின. 2015 டிசம்பரில் சென்னை பார்த்த அதே காட்சி. அப்படி நின்ற வண்டியைச் சாவி போட்டுப் பார்ப்பதுதான் பெரிய கேடு. சிலிண்டருக்குள் போன தண்ணீர் காற்றைப் போல அமுங்காது. மேலே வரும் பிஸ்டன் அதில் முட்ட, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரியைக் கழற்றி, பிளக்குகளை எடுத்து, ஆயிலை வடித்து, இன்ஜினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றினால் பிழைக்கும் இன்ஜின்கள் உண்டு. ஸ்டார்ட் செய்து கெடுத்த இன்ஜினுக்குச் சாதாரண பாலிசி பணம் தராது. இன்ஜின் பாதுகாப்புக்கென்று தனியாகக் கட்டியிருக்க வேண்டும்.

சட்டமும் ஒரு பக்கம் நெருக்குகிறது. சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டு. அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வயதைத் தாண்டிய கார்களுக்கு 2025இல் 10,000 ஆக்கினார்கள். பசுமை வரி தனி. டெல்லியில் 15 வயதைத் தாண்டிய பெட்ரோல் கார்களைச் சாலையில் ஓட்டக் கூடாது என்று 2018இல் உச்ச நீதிமன்றமே உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில்தான் அத்தகைய வண்டிக்காரர்கள் மீது நடவடிக்கை வேண்டாம் என்று இடைக்காலமாகச் சொன்னது. அதே டெல்லியில் பழைய காரைக் கடைசிவரை கைவிடாதவரும் இருந்தார். 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி கையால் முதல் மாருதி 800இன் சாவியை வாங்கியவர் டெல்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங். 2010இல் இறக்கும்வரை அவர் அதை விற்கவில்லை. பிறகு வாசலில் நின்று துருவேறிய அந்தக் காரைப் பின்னாளில் மாருதி நிறுவனமே சீர்செய்து, தன் தலைமையகத்தில் காட்சிக்கு வைத்தது. துருவேறிய நிலையிலிருந்தும் ஒரு காரை மீட்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

ஆனால் எந்தப் பட்டறையாலும் சேர்க்க முடியாத ஒன்று உண்டு. இந்தியாவில் ஏபிஎஸ் பிரேக்கும் ஓட்டுநருக்கான ஏர்பேகும் எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயமானது 2019இல்தான். 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இங்கே பிரபலமான ஐந்து சின்னக் கார்களின் அடிப்படை மாடல்களை மோதிச் சோதித்தபோது, ஐந்துக்கும் பூஜ்ய நட்சத்திரம். இதை உஸ்தாதும் மறைப்பதில்லை. "ஊருக்குள்ள ஓட்டுங்க. பேரப் பிள்ளைங்கள ஏத்திட்டு விஜயவாடா ஹைவேல போகாதீங்க" என்று ஆசிரியரிடம் சொன்னதை டிங்கரிங்காரர் எனக்குத் தமிழில் சொன்னார். நெடுஞ்சாலையில் அடிக்கடி போகும் குடும்பம் என்றால் இன்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் புது வண்டிக்கு மாறுவதே சரி. இதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை.

ஆசிரியர் வேலையை ஒப்புக்கொண்டு வண்டியை விட்டுப் போனார். அவருக்குப் பின்னால் காத்திருந்தவர் கொண்டுவந்த பழைய ஆல்டோவின் அடித்தகடு பல இடங்களில் ஸ்க்ரூ டிரைவருக்கு வழிவிட்டது. அதற்கு உஸ்தாத் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யச் சொல்லவில்லை. ஸ்கிராப்புக்குக் கொடுத்து, ஆர்.சி.யை முறையாக ரத்து செய்துகொள்ளச் சொன்னார். அரைமணி நேரத்துக்கும் மேல் இரண்டு பேர் பார்த்து, படுத்து, தட்டிச் சொன்ன அந்தத் தீர்ப்புக்கு அவர்களுக்குக் கிடைத்தது ஒரு நன்றி மட்டும்.

இந்தத் தொழிலின் கோளாறு இங்கேதான் இருக்கிறது. மாட்டினால்தான் கூலி, பார்த்துச் சொன்னால் கூலி இல்லை. டாக்டர் நாடி பிடித்து 'ஒன்றுமில்லை' என்றாலும் ஃபீஸ் கொடுத்துவிட்டு வருகிறோம். மெக்கானிக் 'செலவு செய்யாதீர்கள்' என்றால் அவருக்கு நஷ்டம். உண்மையைச் சொன்னால் வருமானம் போகும் என்ற நிலையில் ஒருவரை வைத்துவிட்டு, மெக்கானிக்குகள் ஏமாற்றுகிறார்கள் என்று குறை சொல்வதில் நியாயமில்லை. கம்ப்யூட்டரைச் செருகிக் கோளாறு பார்க்கும் பெரிய சர்வீஸ் சென்டர்களில் அதற்கும் பில் போடுகிறார்கள், நாமும் கட்டுகிறோம். ஆயிலை ஊற்றி முள்ளைப் பார்த்த கைக்கு மட்டும் ஏன் தரக் கூடாது?

உங்கள் பழைய காரை என்ன செய்வது என்று குழப்பம் வந்தால், வேலையை ஒப்படைக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: "கம்ப்ரஷன் பாருங்க, தூக்கி அடியில பாருங்க, பார்க்கறதுக்கு என்ன ஆகும்னு சொல்லுங்க." ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் அந்தப் பணத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.