எங்கே எழுதியிருக்கிறது?

சென்ற தவணையில், எங்கள் கல்லூரியிற் கணினி அறைக்குப் பொறுப்பாயிருந்த மாணவன் ஒருவனைப் பலர் முன்னிலையிற் கடிந்துகொண்டேன். பொதுக் கணினியின் அமைப்புக் கோப்பொன்றைத் தமிழ்த் தட்டெழுத்துக்கு ஏற்றவாறு மாற்றிவிட்டான். “இதுகூடத் தெரியாதா?” என்றேன். “செய்யக்கூடாதென்று எங்கே எழுதியிருக்கிறது, சேர்?” என்றான். துடுக்கு என்றே அப்போது எண்ணினேன்.

அக்கணினிகளில் இயங்குவது டெபியன். 1993ஆம் ஆண்டில் இயன் மேர்டொக் என்பவர் தொடக்கிவைத்த முயற்சி அது. பல நாட்டுத் தொண்டர்கள், பெரும்பாலும் ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலே, பல்லாயிரம் மென்பொருட் பொதிகளை ஆக்கி அளிக்கின்றனர். ஒருவர் செய்த பொதி மற்றவருடையதோடு மோதாதிருக்க, கொள்கைக் கையேடு ஒன்றை எழுதி வைத்திருக்கின்றனர். மாணவனின் வினா உள்ளத்தை உறுத்தவே, ஓரிரவு அதனைப் படித்தேன்.

தண்டனைச் சட்டத்தை எதிர்பார்த்துத் திறந்தேன், கண்டதோ வேறு. எந்தக் கோப்பு எங்கே இருப்பது, உரிமக் குறிப்பு எங்கே வைப்பது என்றவாறான சிறு செய்திகளே மிகுதி. அவற்றிடையே ஒரு விதி என்னைத் தடுத்து நிறுத்தியது. கணினிக்குப் பொறுப்பானவர் அமைப்புக் கோப்பைத் தம் கையால் திருத்தியிருந்தால், புதிய பதிப்பு வரும்போது அத்திருத்தம் அழியாமற் காக்கப்படவேண்டும் என்பது அது. நான் குற்றமெனக் கடிந்ததை அவர்கள் உரிமையெனக் காத்திருக்கின்றனர்!

இன்னொரு நுட்பமும் உண்டு. கட்டாயமானதையும், செய்யத்தக்கதையும் அவர்கள் வெவ்வேறு சொல்லாற் பிரித்து எழுதுகின்றனர். முன்னதை மீறிய பொதி பொதுவாக வெளியீட்டுக்கு ஏலாது; பின்னதை மீறினால் அது திருத்தவேண்டிய வழு, அவ்வளவே. நம்மிடத்தோ ‘வேண்டும்’ என்ற ஒரு சொல்லே இரண்டுக்கும் உழைக்கிறது. எங்கள் அறிவித்தற் பலகை முழுவதும் ‘வேண்டும்’தான்.

அக்கையேடு கல்வெட்டுமன்று. திருத்தம் முன்மொழியலாம், பிறர் வழிமொழிந்தால் ஏற்கப்படும். நேற்றுச் சேர்ந்தவரும் மூத்தவரிடம் அதனைக் காட்டி வாதாடலாம். எழுதாத ஒழுங்கோ மூத்தவர் மனத்திற் குடியிருக்கிறது. புதியவன் அதனை அறிவது ஏச்சு வாங்கிய பின்னரே.

மறுநாள் அவனை அழைத்து, “அறையின் ஒழுங்கை நீயே எழுது, தம்பி” என்று தாளொன்றை நீட்டினேன். ஐந்து வரி எழுதி வந்தான். அமைப்பை மாற்றுபவர் பெயரையும் காரணத்தையும் ஏட்டிற் குறிப்பது கட்டாயம் என்பது நான்காவது. ஆசிரியருக்கும் அவ்வாறே என்பது ஐந்தாவது. அங்கே சற்றுத் தயங்கினேன். பின்னர் கையொப்பமிட்டேன்.