பெட்டியில் எழுதிய அளவு

எனது மோட்டார் சைக்கிள் 1986-ஆம் ஆண்டில் செய்யப்பெற்ற புல்லட். நான் குருப்பட்டம் பெறுவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே அது சாலைக்கு வந்துவிட்டது. மூத்த குரு ஒருவர் ஓய்வு பெற்றுச் சென்றபோது சாவியை என்னிடம் தந்து, "எண்ணெயையும் காற்று வடிகட்டியையும் கவனித்துக்கொள்ளும்; மற்றதை வண்டியே பார்த்துக்கொள்ளும்" என்றார். நெடுங்காலம் அவ்வாறே நடந்தது. ஆயினும் 2019-ஆம் ஆண்டில் அதன் இயந்திரத்தைப் புதுப்பித்தபோது என் அவசரத்தால் நேர்ந்த ஒரு தவறு இன்றும் என் மனத்தை உறுத்துகின்றது. நம் கடற்கரை இல்லங்களில் பழைய வண்டிகளைப் பேணி வருவோர் பலராதலால், அதை எழுதுவது பயன்படுமென எண்ணுகிறேன்.

இவ்வண்டியின் வரலாற்றை இளைஞர் பலர் அறியார். இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் இணைந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. திருவொற்றியூர் ஆலையிலிருந்து புல்லட்டுகள் வெளிவந்தன. என் வண்டியில் இருப்பது ஒற்றை உருளை. உட்குறுக்களவு 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர், கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர். அவ்வுருளை வார்ப்பிரும்பாலானது, பிஸ்டனோ அலுமினியக் கலவை. இந்த வேற்றுமையை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறேன். பின்னர் நிகழ்ந்தவை அனைத்திற்கும் அதுவே காரணம்.

2019-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வண்டி நீலப் புகை கக்கத் தொடங்கிற்று. உபதேசியாரைப் பின்னால் ஏற்றிக்கொண்டால் பாலத்து ஏற்றத்திலேயே அதற்கு மூச்சிரைத்தது. எங்கள் மெக்கானிக் அண்ணாச்சி உருளையைக் கழற்றி விரலால் தடவிக் காட்டினார். வளையங்கள் உரசும் மேற்பகுதியில் தேய்மானமும் அதற்கு மேலே ஒரு விளிம்பும் தட்டுப்பட்டன. உப்பளச் சாலையின் புழுதி, கிழிந்த காற்று வடிகட்டியின் வழியே புகுந்து பல ஆண்டுகளாக அரம்போல் அராவியிருந்தது.

தேய்ந்த உருளையைச் சற்றே அகலக் கடைந்து அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் பொருத்துவது வழக்கம். இவ்வண்டிக்குரிய பிஸ்டன்கள் மூல அளவுக்கு மேல், அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து, இருபது, முப்பது, நாற்பது பங்கு என ஏறுமுகமாகக் கிடைக்கின்றன. கடைக்காரர்கள் "பத்து", "இருபது" என்றே சொல்லுவர். எங்களுக்கு இருபது தேவைப்பட்டது.

"பிஸ்டன் கைக்கு வரட்டும் சாமி. அதை அளந்துட்டுத்தான் லேத்துக்குக் கொடுக்கணும்" என்றார் அண்ணாச்சி.

திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு வாரம் காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை. "இருபது என்றால் எங்கும் இருபதுதானே? உருளையை இன்றே கடையச் சொல்லுங்கள்" என்றேன். அவர் மறுத்துப் பேசவில்லை. சாமி சொல்லை எப்படித் தட்டுவது என நினைத்திருப்பார். நான்கு நாள் கழித்து வந்த பிஸ்டன் வேறொரு தயாரிப்பாளருடையது. பெட்டியின் மேல் "20" என்று தெளிவாகவே அச்சிட்டிருந்தது. பொருத்தினோம், வண்டி இனிமையாக முழங்கிற்று.

அடுத்த வாரம் தூத்துக்குடியில் ஒரு கூட்டத்தில் இருந்தேன். மாலையில் பங்கிலிருந்து அழைப்பு வந்தது. எழுபத்தெட்டு வயது முதியவர் ஒருவர் மரணப்படுக்கையில் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றார்கள். 1961-ஆம் ஆண்டு முத்துச் சலாபத்தில் இருபது வயது இளைஞராகக் கல்லைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கியவர் அவர். அதன்பின் நம் கரையில் பெரிய முத்துக்குளிப்பு நடைபெறாமையால் சங்கு குளித்துப் பிள்ளைகளை வளர்த்தவர். நான் உடனே புறப்பட்டேன். புதுப்பித்த இயந்திரத்தை முதல் 500 கிலோமீட்டர் வரை மெதுவாக ஓட்டிப் பழக்க வேண்டுமென்ற அறிவுரையை மறந்து விரைந்தேன்.

முள்ளக்காட்டைத் தாண்டி உப்பளங்களுக்கு நடுவே செல்லுகையில் இயந்திரத்தின் ஒலி திடீரென இறுகிற்று. அடுத்த கணம் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபட்டது. கிளட்சை அழுத்தியதால் விழாமல் தப்பினேன். பிஸ்டன் உருளையோடு இறுகப் பிடித்துக்கொண்டுவிட்டது. இருட்டில் வண்டியைத் தள்ளியும், பின்னர் உப்பு லாரியொன்றில் ஏறியும் ஊர் சேர ஒன்றரை மணி நேரத்திற்கு மேலாயிற்று.

முதியவர் உயிரோடுதான் இருந்தார். பேச்சு அடங்கியிருந்தது. "ரொம்ப நேரமா உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாவ, சாமி. என்னமோ சொல்லணும்னாவ" என்றார் மகள். நான் ஆற்ற வேண்டிய கடமைகளை ஆற்றினேன். அவர் என் கையைப் பற்றியபடி உதடுகளை அசைத்தார், ஒலி எழவில்லை. விடியுமுன் அவர் காலமானார். அவர் சொல்ல விரும்பியது என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் பட்டறைக்குச் சென்றேன். அண்ணாச்சி என்மீது ஒரு சொல்லும் குறை கூறவில்லை. மைக்ரோமீட்டரை என் கையில் தந்து, பழுதான அந்தப் பிஸ்டனின் உராய்வு படாத பகுதியை அளக்கச் சொன்னார். கடைந்தவர் கணக்கிட்ட அளவைவிட அது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு பெரிதாக இருந்தது. இது தலைமயிரின் பருமனைவிடக் குறைவுதான். ஆனால் அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரிகின்றது. அவ்விரிவுக்கென விட்டுவைக்கும் இடைவெளியே ஆயிரத்தில் சில பங்குதான். அதில் ஒன்றரைப் பங்கு குறைந்தால் என்ன மிஞ்சும்? ஒரே எண்ணைத் தாங்கிய இரு தயாரிப்பாளரின் பிஸ்டன்கள் ஒரே அளவாக இருப்பதில்லை. அவை கேட்கும் இடைவெளியும் ஒன்றன்று. வார்த்த பிஸ்டனைவிட அடித்து உருவாக்கிய பிஸ்டன் கூடுதலாக விரிவதால் அதற்கு இன்னும் அதிக இடம் வேண்டும்.

அப்போது அம்முதியவர் முன்பொருமுறை கூறியது நினைவுக்கு வந்தது. சலாபத்து முத்துகளை வணிகர்கள் பித்தளைச் சல்லடைகளில் அரிப்பார்களாம். அவற்றிற்குப் பெட்டி என்றே பெயர். இருபது துளையுள்ளது தொடங்கி ஆயிரம் துளையுள்ளது வரை பத்துப் பெட்டிகள். "இருபதாம் பெட்டியில நிக்கிறதெல்லாம் ஆணிமுத்து ஆயிராது சாமி. பெட்டி பருமனத்தான் சொல்லும். உருட்சியும் ஒளியும் கையில எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்" என்றார். அன்று அதை ஒரு சுவையான செய்தியாகக் கேட்டுவிட்டு எழுந்து வந்திருந்தேன்.

இரண்டாம் முறை நாங்கள் அவசரப்படவில்லை. உருளையை மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில், இரு திசைகளில் அளந்தோம். கீறல்கள் முப்பதிலேயே மறையுமெனத் தெரிந்தது. "நாற்பதுக்குப் போக வேண்டாம். தேவைக்கு மேல கடைஞ்சா அடுத்த தடவைக்கு ஒண்ணும் மிஞ்சாது" என்றார் அண்ணாச்சி. நாற்பதையும் கடந்தால் உருளைக்குள் புதிய உறை இறக்குவதே வழி. ஆகவே கீறலும் தேய்மானமும் நீங்கும் மிகச் சிறிய அளவையே தேர்ந்துகொள்ள வேண்டும்.

பிஸ்டன் வந்ததும் பழையதன் அருகே வைத்து ஒப்பிட்டோம். கஜன் பின்னின் நடுவிலிருந்து தலைவரை உயரம் ஒத்திருந்தது. தலையின் வடிவமும் அவ்வாறே. உயரம் மிகுந்தால் அழுத்தம் கூடும். வால்வுகளில் இடிக்கவும் கூடும். பின்னையும் வளையங்களையும் சேர்த்து மளிகைக் கடைத் தராசில் நிறுத்தோம். ஒற்றை உருளை வண்டியில் எடை மாறினால் அதிர்வு மாறும். பின்னரே பிஸ்டனின் கீழ்ப்பகுதியை, பின்னுக்குச் செங்குத்தான திசையில் அளந்தோம். பிஸ்டன் பார்வைக்கு வட்டமாயினும் உண்மையில் சற்று நீள்வட்டம். சூடு மிகும் தலைப்பகுதி கீழ்ப்பகுதியைவிடச் சிறியது. எனவே வேறிடத்தில் எடுத்த அளவு நம்மை ஏமாற்றிவிடும். அந்த அளவோடு தயாரிப்பாளர் குறித்த இடைவெளியைக் கூட்டி எழுதி, பிஸ்டனையும் உருளையையும் ஒன்றாகவே லேத் பட்டறைக்கு எடுத்துச் சென்றோம்.

கடைந்து வந்தபின் வளையங்களை ஒவ்வொன்றாக உருளைக்குள் வைத்து வாய் இடைவெளியைப் பார்த்தோம். உருளை அகலத்தில் அங்குலத்திற்கு ஆயிரத்தில் நான்கு பங்கு என்பது பழைய மெக்கானிக்குகளின் கணக்கு. எங்கள் உருளைக்கு அது ஏறத்தாழ கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல். பின்னைத் தாங்கும் கம்பிப் பூட்டுகளைப் புதிதாகவே போட்டோம். மறவாமல் காற்று வடிகட்டியையும் மாற்றினோம். இல்லையேல் அதே புழுதி புதிய பிஸ்டனையும் தின்றுவிடும்.

அதன்பின் 500 கிலோமீட்டர் வரை நாற்பது, ஐம்பது வேகத்திற்கு மேல் நான் செல்லவில்லை. பங்குமக்கள் சைக்கிளில் என்னை முந்திச் சென்று சிரித்ததும் உண்டு. அவசர அழைப்பு வந்தால் ஆட்டோவில் சென்றேன். அந்தப் பிஸ்டன் இன்றும் குறையின்றி ஓடுகின்றது.

அண்மையில் பட்டறைக்கு வந்த இளைஞன் ஒருவன், தாத்தாவின் வண்டிக்கு முப்பது அளவில் பிஸ்டன் வாங்கி வந்திருப்பதாகவும் உருளையை அன்றைக்கே கடைந்து தர வேண்டுமென்றும் சொன்னான். அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அவனை அருகே அமர்த்தி, பெட்டியைப் பிரித்து, மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்து, "முதலில் இதை அளந்து பார், தம்பி" என்றேன். முள்ளக்காட்டுச் சாலையில் நடந்ததையும் அவனிடம் சொன்னேன்.