நெடுவழி தாங்கும் வண்டி: நாமக்கல் லாரிப் பட்டறைகளின் கைத்திறன்

வாகனத்தின் வேகத்தைவிட அதன் தாங்குதிறனையே முதன்மையாகச் சோதிக்கும் நெடுநேரப் பந்தயங்கள், பிரான்சின் லெ மான் நகரில் 1923இல் தொடங்கிய 24 மணி நேரப் பந்தயத்தால் உலகப் புகழ் பெற்றன. அத்தகைய பந்தயங்களுக்குப் பெரும் பொருட்செலவு வேண்டும் என்பதால், அமெரிக்காவில் 2006இல் தொடங்கிய ‘லெமன்ஸ்’ பந்தயத்தில், வண்டியை வாங்கித் தயார்செய்ய 500 டாலருக்குமேல் செலவிடக் கூடாது என்ற வரம்பு வைக்கப்பட்டு, பாதுகாப்புக் கருவிகளுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. அதன் பயனாகப் பழைய கார்களும் சிறிய பிக்கப் வண்டிகளும் களமிறங்கின. குறைந்த பணத்தில், இடையில் நின்றுவிடாமல் நெடுந்தொலைவு ஓடும் வண்டியை எவ்வாறு கட்டுவது என்னும் இதே வினாவுக்கு, விளையாட்டாக அன்றிப் பிழைப்பாகவே விடை கண்டுவரும் பகுதி சேலம்–நாமக்கல் சமவெளி ஆகும். லாரிக்குப் ‘பாடி’ கட்டும் தொழிலில் நாமக்கல் நகரம் நாடறிந்த மையமாக விளங்குகிறது.

இத்தொழில் இங்கே நிலைகொண்டதற்கு நிலமும் வழியும் காரணமாயின. மழை குறைந்த மானாவாரி நிலத்தை மட்டுமே நம்பி வாழ இயலாத உழவர் குடும்பங்கள், உறவினரிடம் பணம் திரட்டியும் சீட்டுப் பிடித்தும் கடன் பெற்றும் லாரி வாங்கி, நிலத்தோடு அதையும் ஒரு வாழ்வாதாரமாகக் கொண்டன. வடக்கையும் தெற்கையும் இணைக்கும் நெடுஞ்சாலை, அதாவது முன்னர் 7 என்றும் இப்போது 44 என்றும் எண்ணிடப்பட்ட தேசிய நெடுஞ்சாலை, நாமக்கல் வழியாகவே செல்கிறது. சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூருக்குச் செல்லும் ரயில் பாதை 2013இல்தான் திறக்கப்பட்டது என்பதைக் கருதும்போது, அதுவரை இவ்வூரின் சரக்குப் போக்குவரத்து முழுவதும் சாலையையே சார்ந்திருந்தது புலப்படும். 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து நாமக்கல் தனி மாவட்டமானபோது, முட்டை, லாரி ஆகிய இரண்டுமே அதன் அடையாளங்களாக முன்னரே வேரூன்றியிருந்தன. சமையல் எரிவாயுவைத் தென்மாநிலங்களெங்கும் சுமந்து செல்லும் டேங்கர் லாரி உரிமையாளர்களின் சங்கமும் இந்நகரையே தலைமையிடமாகக் கொண்டுள்ளது.

பட்டறைக்கு வருவது முழு வண்டி அன்று, ‘சேஸிஸ்’ ஆகும். எஞ்சின், கியர்பெட்டி, அச்சுகள், சக்கரங்கள், ஸ்டீயரிங் ஆகியவற்றை இரண்டு நீண்ட எஃகு விட்டங்களின்மேல் தாங்கிய இந்த அடிச்சட்டத்தை, கூரையோ கதவோ இல்லாத நிலையில், தற்காலிகப் பலகை இருக்கையில் அமர்ந்து, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, வெயிலிலும் தூசியிலும் ஓட்டுநர்கள் ஆலையிலிருந்து ஓட்டிவருகின்றனர். அதன்மேல் ஓட்டுநர் அமரும் கேபினையும் சரக்கு ஏற்றும் தொட்டியையும் அமைப்பதே பாடி கட்டுதல் எனப்படுகிறது. இவ்வேலை தச்சர், வெல்டர், தகட்டு வேலை செய்யும் டிங்கர், மின்வேலைக்காரர், இருக்கை தைப்பவர், பெயின்டர் என ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குச் சென்று சில வாரங்களில் நிறைவடைகிறது. பல பட்டறைகளில் ஒவ்வொரு பிரிவு வேலையும் தனிக் கான்ட்ராக்டாக விடப்படுவதால், முந்தைய பிரிவு செய்த குறையை அடுத்த பிரிவுதான் முதலில் கண்டறிகிறது; சட்டம் கோணலாக நின்றால், அது தகடு பொருத்துபவரின் கையில் வெளிப்பட்டுவிடும்.

அனுபவமற்றவரின் கண்ணுக்குத் தெரியாத நுட்பம், தொட்டியைச் சேஸிஸுடன் இணைக்கும் முறையில் உள்ளது. பாரத்துடன் பள்ளத்தில் இறங்கி ஏறும் லாரியின் நீள விட்டங்கள் ஒவ்வோர் அசைவிலும் சற்றே முறுகி மீள்கின்றன. இந்த முறுக்கத்திற்கு இடம் கொடுக்காமல் தொட்டியை விட்டத்தோடு இறுகப் பற்றவைத்தால், சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் பற்றுவைப்பிலோ விட்டத்திலோ வெடிப்பு தோன்றும். ஆகவே, இரண்டுக்கும் நடுவே மரக்கட்டை அல்லது ரப்பர் பட்டையை வைத்து, ‘யு’ வடிவில் வளைந்த போல்ட்டுகளால் கட்டுகின்றனர். விட்டத்தின் மேல் விளிம்பில் துளையிடுவதையும் பற்றவைப்பதையும் தேர்ந்த கைவினைஞர் தவிர்ப்பர், ஏனெனில் பாரத்தின் இழுவிசையும் அழுத்தமும் மிகுதியாகத் தாக்கும் இடம் விட்டத்தின் விளிம்புகளே ஆகும். மேலும், 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 மாசு விதிக்கேற்ற வண்டிகளில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவிகள் இருப்பதால், வெல்டிங் தொடங்குமுன் பேட்டரி இணைப்பைக் கழற்றுவது இன்றியமையாததாகிவிட்டது. மரத்தையும் இரும்பையும் மட்டுமே அறிந்திருந்த கைகள் இன்று மின்சுற்றையும் அறிய வேண்டியுள்ளது.

எடை பற்றிய கணக்கு இதைவிடக் கடுமையானது. சட்டம் அனுமதிப்பது வண்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடையையே என்பதால், பாடியில் கூடும் ஒவ்வொரு நூறு கிலோவும் உரிமையாளருக்கு வாடகை ஈட்டும் சரக்கில் அதே அளவைக் குறைக்கும். மாறாக, எடையைக் குறைக்கப்போய்ப் பக்கப் பலகைகளை மெலிதாக்கினால், நெல் மூட்டையோ கம்பிக்கட்டோ ஏறியதும் அவை வெளியே புடைத்துவிடும். 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சுப் பாரத்தின் வரம்பை உயர்த்தியபோது, மூன்று அச்சு லாரியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாகியது. நீளத்திலும் வரம்பு உண்டு: பின்னச்சுக்கு அப்பால் நீளும் பகுதி, முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைப்பட்ட தூரத்தில் 60 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. இவ்வரம்புகளுக்குள் எந்த இடத்தில் குறுக்கு விட்டத்தைக் கூட்டுவது, எங்கே தகட்டை மெலிதாக்குவது என்று முடிவு செய்வதில்தான் ஒரு மேஸ்திரியின் தகுதி அளக்கப்படுகிறது.

இதே திறமையின் மற்றொரு கிளை திருச்செங்கோட்டில் வளர்ந்துள்ளது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் இயந்திரத்தை லாரிச் சேஸிஸின்மேல் பொருத்தி, குழாய்களையும் கருவிகளையும் சுமக்கும் துணை லாரியுடன் அனுப்பும் இத்தொழிலில், வண்டி ஓடும்போது நெடுஞ்சாலையின் குலுக்கலையும், நிற்கும்போது பாறையைத் துளைக்கும் சுத்தியலின் அதிர்வையும் ஒரே அடிச்சட்டம் தாங்க வேண்டும். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஊர் திரும்பப் பல மாதங்கள் ஆகுமளவுக்கு வடமாநிலங்கள் வரை சென்று தொழில் செய்கின்றன. தொலைவில் பழுது நேர்ந்தால் கிடைக்கும் கருவியைக் கொண்டு கழற்றி மாட்டும்படி அவற்றை அமைத்தாக வேண்டும்.

சிறிய பிக்கப் வண்டிகளில் இந்நுட்பம் வேறு வடிவம் கொள்கிறது. 2005இல் டாடா ஏஸ் அறிமுகமான பின்னர், முட்டை, பால், காய்கறி ஆகியவற்றின் குறுந்தொலைவுப் போக்குவரத்து சிறு வண்டிகளின் கைக்கு மாறியது. இவ்வகை வண்டிகளின் பின்புறத்தில் எஃகுப் பட்டைகளை அடுக்கிய வில் அமைப்பு பாரத்தைத் தாங்குகிறது. பாரம் கூடும் என்று கருதுபவர் ஒரு பட்டையை மிகுதியாகச் சேர்ப்பதுண்டு. ஆயினும், அவ்வாறு இறுக்கிய வண்டி வெறுமையாக ஓடும்போது பின்சக்கரங்கள் துள்ளித் தரைப்பிடிப்பை இழக்கும் என்பதால், பாரத்துக்கு நன்மையானது வளைவில் ஆபத்தாகிவிடுகிறது. பிக்கப்பைப் பந்தயத்துக்குத் தயாரிப்பவரும் முதலில் எதிர்கொள்ளும் சிக்கல் இதுவே; அவர் பட்டைகளைக் குறைத்து, எடையைப் பின்னோக்கி நகர்த்தி, வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் எஃகுக் கூண்டை அமைக்கிறார். கொங்கு மண்டலத்துக்கு இத்தகைய முயற்சி புதியதன்று: கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன், மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டு குறைந்த செலவிலான ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். செட்டிபாளையத்திலுள்ள கரி பந்தயத் தடம் அவர் பெயரையே தாங்கியுள்ளது.

பட்டறைகளின் எதிர்காலம் இப்போது விதிகளாலும் சந்தையாலும் நெருக்கப்படுகிறது. பாடி தனியாகக் கட்டப்படும் வண்டிக்கு 22-ஏ என்னும் படிவத்தில் சேஸிஸ் நிறுவனம் ஒரு பகுதியிலும் பாடி கட்டியவர் மறு பகுதியிலும் பொறுப்பேற்றுச் சான்றளிக்க வேண்டும். 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் நடுத்தர, கனரகச் சரக்கு வண்டிகளின் கேபினில் குளிர்சாதன வசதி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. ஓட்டுநரின் உடல்நலம் கருதிய இவ்விதி வரவேற்கத்தக்கது என்றாலும், கேபினுடன் முழுமையாகக் கட்டிய லாரிகளை நிறுவனங்களே விற்பனை செய்யும் சூழலில், தேக்குச் சட்டத்தில் கேபின் செதுக்கிய தச்சருக்கு வேலை சுருங்கிவருகிறது.

தாங்குதிறன் பருமனால் வருவதில்லை என்பதே இப்பட்டறைகளின் பாடம்: வளைய வேண்டிய இடத்தில் வளைவது, தேவையற்ற எடையைச் சுமக்காதது, எந்த ஊரிலும் பழுதுநீக்க முடிவது ஆகிய மூன்றும் கூடினால்தான் வண்டி நெடுவழியைக் கடக்கிறது. இவ்வறிவு இன்றும் பெரும்பாலும் மேஸ்திரியின் கையிலும் வாய்மொழியிலுமே தங்கியிருக்கிறது. இப்பகுதியின் பொறியியல் கல்லூரிகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும் அதை அளந்து, வரைந்து, பாடமாக்கி, அனுபவத்தால் தேர்ந்த தொழிலாளருக்கு முறையான சான்றிதழும் வழங்க வேண்டும். இல்லையேல், புதிய விதிகள் கேட்கும் தரத்தைக் கையால் எட்டக்கூடியவர்களே அதைத் தாளில் காட்ட இயலாமல் தொழிலை விட்டு விலக நேரிடும்.