கேம்பிரிட்ஜில் ஒரு திருநீற்றுப் புதன்

தவக்காலம் என்றதும் நம் செவிகளில் முதலில் ஒலிப்பவை சிலுவைப் பாதைப் பாடலும் வியாகுலப் பிரசங்கத்தின் இரங்கல் ஓசையுமே. ஆயினும், சில ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்து நாட்டின் கேம்பிரிட்ஜ் நகரில், ஒரு சமையலறை வானொலியின் அருகே அமர்ந்து தவக்காலத்தைத் தொடங்கும் பேறு எங்களுக்குக் கிட்டியது.

முந்திய நாளே புனித யோவான் கல்லூரியின் கோயிலைக் கண்டு வந்திருந்தோம். கில்பர்ட் ஸ்காட் என்னும் கட்டடக் கலைஞர் வடிவமைத்து, 1869இல் அர்ச்சிக்கப்பட்ட கோயில் அது. கோபுரத்தின் உயரம் 163 அடி. இதற்காக இடிக்கப்பட்ட பழைய கோயிலின் அடித்தளக் கோடுகள் முற்றத்துப் புல்தரையில் இன்றும் தெரிகின்றன. அக்கோடுகளின் அருகே நெடுநேரம் நின்றோம். காரணம் உண்டு.

அக்கல்லூரியை நிறுவ விரும்பிய மார்கரெட் போஃபோர்ட் சீமாட்டி 1509இல் இறந்தார். அவருடைய விருப்பத்தை 1511இல் நிறைவேற்றியவர் அவருடைய ஆன்ம குருவான ஆயர் ஜான் ஃபிஷர். அரசனைத் திருச்சபையின் தலைவனாக ஏற்க மறுத்தமைக்காக 1535 ஜூன் 22இல் அவர் தலை வெட்டப்பட்டது. அத்தண்டனைக்குக் காரணமான எட்டாம் ஹென்றி, மார்கரெட் சீமாட்டியின் சொந்தப் பேரன்! 1935இல் ஃபிஷர் புனிதராக உயர்த்தப்பெற்றார். இன்று அக்கோயில் ஆங்கிலிக்கன் சபையினருடையது.

திருநீற்றுப் புதனன்று அங்கே மாலைப் புகழ் வழிபாட்டுக்குச் செல்ல எண்ணியிருந்தோம். ஆனால் எங்களுள் ஒருவருக்குக் கடும் காய்ச்சல். நாங்கள் தங்கியிருந்த வீட்டு மூதாட்டி எங்கள் முகவாட்டத்தைக் கண்டு, "கவலை எதற்கு? கோயிலே இங்கு வரும்" என்று கூறி வானொலியைத் திருப்பினார். 1926 அக்டோபர் 7இல் வெஸ்ட்மின்ஸ்டர் அபே ஆலயத்திலிருந்து பி.பி.சி. தொடங்கிய மாலைப் புகழ் ஒலிபரப்பு இன்றளவும் தொடர்கிறது. 1972 முதல் திருநீற்றுப் புதனன்று அது இக்கல்லூரிக் கோயிலிலிருந்து வருவது மரபு.

முதலில் சிறிது மௌனம், எங்கோ ஓர் இருமல், பின்னர்ப் பாடல். தாவீது அரசரின் மனமாற்றத் திருப்பாடலாகிய 51ஆம் சங்கீதத்துக்கு, உரோமையில் சிஸ்டைன் சிற்றாலயப் பாடகராயிருந்த குரு கிரெகோரியோ அல்லெக்ரி 1630களில் அமைத்த இசை அது. ஐந்து குரல்கள் கொண்ட ஒரு குழுவும் நான்கு குரல்கள் கொண்ட மற்றொரு குழுவும் மாறி மாறிப் பாடுகின்றன. இடையிடையே அணியற்ற ஒற்றைப் பண். இறுதியில் ஒன்பது குரல்களும் ஒன்றாகின்றன. 1770இல், பதினான்கு வயதுச் சிறுவன் மோட்சார்ட் உரோமையில் இதனைக் கேட்டு, நினைவிலிருந்தே எழுதினான் என்று அவன் தந்தையின் கடிதம் கூறுகிறது. இன்று உள்ளத்தை ஊடுருவும் அந்த உச்சக் குரல் அல்லெக்ரி எழுதியதன்று. பிற்காலப் படிகளில் சேர்ந்தது என்பர் அறிஞர்.

சொற்கள் யாவும் எங்கள் செவிக்குப் பிடிபடவில்லை. பொருள் மட்டும் நன்றாகவே பிடிபட்டது. எங்கள் பெட்டியின் அடியில் தம்பியின் கடிதம் ஒன்று பல மாதங்களாகப் பதிலின்றிக் கிடந்தது. தந்தையார் விட்டுச் சென்ற வீட்டைப் பற்றிய வழக்கு. நியாயம் எங்கள் பக்கமே என்று அதுவரை உறுதியாக நம்பியிருந்தோம். தாவீதும் நாத்தான் வந்து நிற்கும்வரை அப்படித்தானே இருந்தார்!

மற்றொன்றும் நினைவுக்கு வந்தது. மனமாற்றத் திருப்பாடல்கள் ஏழுக்கும் ஃபிஷர் ஆற்றிய மறையுரைகள் 1508இல் அச்சேறியவை. அவ்வேழில் இதுவும் ஒன்று. சபைகள் பிரிந்தன, அரசுகள் மாறின, பழைய கோயிலும் போயிற்று. அவர் விளக்கிய திருப்பாடல் மட்டும் அவர் எழுப்பிய கல்லூரியை விட்டு நீங்கவில்லை. பிரிந்தவர் வாயிலும் நம் வாயிலும் மன்னிப்புக்கான மன்றாட்டு ஒன்றாகவே இருக்கிறது.

பாடல் முடிந்ததும் மூதாட்டி கண்களைத் துடைத்துக்கொண்டு தேநீர் வைக்க எழுந்தார். நாங்கள் அவரிடம் ஓர் உறையும் தாளும் கேட்டு வாங்கினோம்.

உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பின் தம்பியின் பதில் வந்தது. வழக்கைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. "ஊருக்கு வந்ததும் முதலில் நம் வீட்டுக்கு வாருங்கள்" என்று மட்டும் எழுதியிருந்தான்.