ஈரம் என்று சொன்ன எண்

கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய். இரண்டுக்கும் நடுவே நாடாவைப்போல் கிடக்கும் மணல்திட்டுத்தான் எங்கள் எர்ணாவூர். துறைமுகத்திற்குச் செல்லும் கொள்கலன் ஊர்திகள் வரிசைகட்டி நிற்கும் சாலையில் நின்றுகொண்டு, இது சங்கப் புலவர்கள் பாடிய நெய்தல் நிலம் என்று சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள். உமணர்கள் உப்பு வண்டிகளை உள்நாட்டிற்கு ஓட்டிச் சென்றதை இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக வகுப்பில் நடத்தி வருகிறேன். அந்த உப்பு என் காலடி மண்ணிலும் இருக்கிறது என்பதை ஒரு மிளகாய்ப் பாத்தியில்தான் கற்றுக்கொண்டேன்.

தமிழாசிரியைக்குப் பள்ளித் தோட்டப் பொறுப்பு எப்படி வந்தது என்பது தனிக்கதை. அந்த ஆண்டு சூன் மாதத்தில் பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் சிலர் ஒரு திட்டத்தோடு என்னிடம் வந்தனர். மண்ணில் ஈரம் குறைந்தால் தானே நீர் பாய்ச்சி, போதுமானதும் தானே நிறுத்திக்கொள்ளும் அமைப்பு அது. ரிச்சி தெருவிற்குச் சென்று அர்டுயினோ என்னும் நுண்கட்டுப்படுத்திப் பலகை ஒன்றையும், ஈரப்பத உணரி ஒன்றையும், சிறு நீரேற்றி ஒன்றையும் வாங்கி வந்தார்கள். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிதான அந்தப் பலகை இத்தாலியில் 2005ஆம் ஆண்டு மாணவர்களின் பயன்பாட்டிற்கென உருவாக்கப்பட்டதாம். இவ்ரியா நகரத்தில் அதை வடிவமைத்தவர்கள் கூடிய ஒரு விடுதியின் பெயரே அதன் பெயராயிற்று என்று ஒரு மாணவி விளக்கினாள்.

உணரியோ இரண்டு முட்களைக் கொண்ட முள்கரண்டிபோல இருந்தது. ஒரு முள்ளிலிருந்து மற்றொன்றிற்கு மண்ணின் வழியே மின்சாரம் எவ்வளவு எளிதாகச் செல்கிறது என்பதே அதன் கணக்கு. காய்ந்த மண் மின்சாரத்தைத் தடுக்கும், ஈரமண் வழிவிடும். அந்த மாற்றத்தை மின்னழுத்தமாகப் பெற்று, 0 முதல் 1023 வரையிலான எண்ணாகப் பலகை மாற்றித் தரும். எங்கள் உணரியில் எண் உயர்ந்தால் வறட்சி, தாழ்ந்தால் ஈரம். எண் 600ஐத் தாண்டினால் நீரேற்றி ஓட வேண்டும் என்று நிரல் எழுதினார்கள். அந்த 600ஐ ஒரு மாணவன் தன் வீட்டு மாடித் தொட்டியில் அளந்து கண்டுபிடித்திருந்தான். தொட்டியில் இருந்தது நாற்றங்காலில் வாங்கிய செம்மண், ஊற்றியது குடிநீர். இதை அப்போது நாங்கள் யாரும் பொருட்படுத்தவில்லை.

நாற்பது மிளகாய் நாற்றுகளை நட்டோம். முதலில் எல்லாம் நன்றாகவே நடந்தது. மூன்றாவது வாரத்தில், பள்ளியைத் தூய்மை செய்யும் அம்மா பாத்தியில் விரலை நுழைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "டீச்சர், மண்ணு காஞ்சி கெடக்குது. ஒரு கொடம் ஊத்தட்டா?" என்று கேட்டார். நான் திரையைப் பார்த்தேன். 380 என்று காட்டியது. "வேண்டாம்மா, ஈரம் இருக்கு. கருவி பொய் சொல்லாது" என்றேன். அவர் மறுபேச்சின்றிப் போய்விட்டார். அந்தப் பதிலைச் சொன்ன என் குரலில் இருந்த உறுதி இன்றும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

தொடர் விடுமுறை முடிந்து திரும்பியபோது இலைகளின் ஓரங்கள் கருகியிருந்தன. இருபத்துநான்கு நாற்றுகள் பிழைக்கவில்லை. திரையில் அப்போதும் ஈரம் என்றே எண் இருந்தது.

வேதியியல் ஆசிரியர் இரண்டு குவளைகளை எடுத்தார். நன்கு கழுவிக் காயவைத்த மணலை இரண்டிலும் சம அளவில் நிரப்பினார். ஒன்றில் குடிநீரும், மற்றொன்றில் பள்ளியின் ஆழ்துளைக் கிணற்று நீரும் ஒரே அளவில் ஊற்றினார். முதற்குவளையைவிட இரண்டாவதில் எண் வெகுவாகத் தாழ்ந்தது. நீரின் அளவு ஒன்றே. ஈரத்தின் எண் மட்டும் வேறு. தூய நீர் மின்சாரத்தை மிகச் சிறிதளவே கடத்தும். அதில் கரைந்துள்ள உப்புகளின் அயனிகளே மின்சாரத்தைச் சுமந்து செல்கின்றன. பாத்தியில் நீர் ஆவியாக ஆவியாக உப்பு தங்கிக்கொண்டே வந்தது. உணரி அந்த உப்பையும் சேர்த்து அளந்து அதற்கு ஈரம் என்று பெயரிட்டது.

உண்மையில் கருவி பொய் சொல்லவில்லை. மின்சாரம் எளிதாகச் செல்கிறது என்பதை மட்டுமே அது சொன்னது. அதை ஈரம் என்று மொழிபெயர்த்தவர்கள் நாங்கள்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. மண்ணில் எஞ்சியிருந்த சிறிதளவு நீரையும் வேரால் உறிஞ்ச முடியவில்லை. மண்நீரில் உப்பு மிகும்போது சவ்வூடு பரவல் வேருக்கு எதிராகத் திரும்பிவிடும். இதை நான் பாடப்புத்தக நடையில் விளக்கிக்கொண்டிருந்தபோது, அருகில் நின்ற அந்த அம்மா, "உப்புப் போட்ட மீன்ல தண்ணி நிக்குமா டீச்சர்? அப்புறம் எப்புடிக் கருவாடு ஆவும்?" என்றார். மாணவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

முள்கரண்டியைப் பிடுங்கிப் பார்த்தபோது ஒரு முள் அரித்துப் போயிருந்தது. இடைவிடாமல் மின்சாரம் பாய்ந்ததால் நிகழ்ந்த மின்னாற்பகுப்பு அது. அடுத்து மின்தேக்குத்திறனை அளக்கும் உணரி ஒன்றை வாங்கினோம். அதில் உலோகம் மண்ணைத் தொடுவதில்லை. நீரின் மின்காப்பு மாறிலி ஏறத்தாழ 80. காய்ந்த மண்ணுக்கு அது 3 முதல் 5 வரைதான். அந்த வேறுபாட்டை அது பற்றிக்கொள்கிறது. உப்பு இதையும் ஓரளவு குழப்பும், ஆனால் முன்புபோல் அவ்வளவு அல்ல.

இம்முறை எல்லையை எங்கள் மண்ணிலேயே அளந்தோம். ஈரமண்ணை எடைபோட்டு, 105 பாகை செல்சியசில் ஒரு நாள் முழுதும் உலர்த்தி, மீண்டும் எடைபோட்டு, குறைந்த எடையே நீர் என்று கணக்கிடுவது ஆய்வகங்களின் முறை. எங்களிடம் உலர்த்தும் அடுப்பு இல்லை. சத்துணவுக் கூடத்தின் இரும்பு வாணலிதான் இருந்தது. எடைபோடும்போது எனக்குத் திருவள்ளுவர் நினைவிற்கு வந்தார். ஒரு பலப் புழுதி கால் பலமாகும்வரை உழுத நிலத்தைக் காயவிட்டால், ஒரு பிடி எருவும் வேண்டாமல் பயிர் விளையும் என்று உழவு அதிகாரத்தில் அவர் சொல்லியிருக்கிறார். மண்ணின் உலர்வை எடையால் சொன்ன அக்குறளை எத்தனையோ முறை நடத்தியிருந்தும், தராசைக் கையில் பிடித்தது அன்றுதான்.

கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உழவர்களுக்கென உருவாக்கிய மண் ஈரங்காட்டியைப் பற்றியும் மாணவர்கள் படித்து வந்தார்கள். அது எண்களுக்குப் பதிலாக வண்ண விளக்குகளால் ஈரநிலையைக் காட்டும். எங்கள் பலகையிலும் நீலமும் சிவப்புமாக இரண்டு விளக்குகளைப் பொருத்தினோம். அந்த அம்மாவும் பார்த்துச் சொல்லலாம் அல்லவா?

வடகிழக்குப் பருவமழை பாத்தியின் உப்பைக் கழுவி இறக்கிய பின்னர் மீண்டும் மிளகாய் நட்டோம். இப்போது ஒரு பதிவேடு இருக்கிறது. ஒரு பத்தியில் உணரியின் எண். அடுத்த பத்தியில் அம்மாவின் விரல் சொன்னது. இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகும். சனவரியில் ஒருநாள் சிவப்பு விளக்கு எரிந்தது. அவரோ, "போதும், ஊத்தாதீங்க" என்றார். இந்த முறை நான் திரையைப் பார்க்கவில்லை. மாணவர்கள் மண்வெட்டியை எடுத்துத் தோண்டினார்கள். நான்கு விரல்கடை ஆழத்தில் மண் உலர்ந்திருந்தது. அதற்கும் கீழே, வேர் இறங்கிய இடத்தில், கையில் ஒட்டும் ஈரம். உணரியின் மேற்பகுதி மின்சுற்றுக்கு நீர்புகாப் பூச்சு பூசி, அதை இன்னும் ஒரு சாண் கீழே இறக்கி நட்டோம்.