தொன்மாக்களும் ஒரு சிறுவனும்

குழந்தைப் பருவம் வியப்பின் பருவம். வானத்து நிலவும், விரைந்தோடும் புகைவண்டியும், ஊர்ந்து செல்லும் எறும்பும் குழந்தையின் கண்ணுக்குப் புதுமையாகவே தோன்றும். இக்காலத்துக் குழந்தைகள் பலரின் உள்ளத்தைக் கவர்ந்த விலங்கினம் ஒன்று உண்டு. அவ்வினத்தை உயிருடன் கண்ட மனிதர் எவரும் இலர். மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்னரே அது மறைந்துவிட்டது. 1842-ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஓவன் என்னும் ஆங்கில அறிஞர், 'அஞ்சத்தக்க பல்லி' எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களை இணைத்து, அதற்கு டைனோசர் என்று பெயரிட்டார். தமிழில் அதனைத் தொன்மா என்பர். தொன்மை வாய்ந்த மா என்பது பொருள். குழந்தைகளுக்கு இதன்மீதுள்ள ஆர்வம் வயது ஏற ஏற மறைந்துவிடுமோ? மறைவதுதான் வளர்ச்சியோ? ஒரு சிறுவனின் கதையைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

கடலூருக்கும் பண்ருட்டிக்கும் இடையே, கரும்பு வயல்கள் சூழ அமைந்தது மேல்பட்டாம்பாக்கம். அவ்வூரில் வாழ்ந்த ஒரு சிறுவனிடம் ரப்பரால் ஆன பன்னிரண்டு தொன்மாக்கள் இருந்தன. ஐந்து வயதில், தன் பெயரையே பிழையின்றி எழுத அறியாத அவன், அவற்றின் நீண்ட பெயர்களையெல்லாம் பிழையின்றிச் சொல்வான். முற்றத்தில் கோழி மேயும்போது, “ஆயா, அதன் காலைப் பார். பறவைகளெல்லாம் தொன்மாக்களின் ஒரு கிளையில் வந்தவையாம்” என்பான். “கோழிக்கு அவ்வளவு பெரிய குலப்பெருமை உண்டா?” என்று பாட்டி நகைப்பாள். ஆயினும் அவன் கூறியது அறிவியலார் கண்ட உண்மையே.

பத்து வயதில் பள்ளி மாணவர்களுடன் அவன் திருவக்கரைக்குச் சென்றான். அது விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது. அங்கே பெரிய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. பண்டைக் காலத்து வெள்ளம் அவற்றை அடித்துக்கொண்டு வந்து மணலில் புதைத்தது. மண்ணில் ஊறிய நீர், தன்னில் கரைந்திருந்த சிலிகாவை மரத்தின் நுண்ணறைகளில் சிறிது சிறிதாகப் படியச் செய்தது. மரம் கல்லாயிற்று, அதன் வளையங்கள் மட்டும் அழியாமல் நின்றன. அம்மரங்கள் புதைந்த பாறைக்கு அறிஞர் இட்ட பெயர் 'கடலூர் மணற்கல்' என்பதாகும். தன் மாவட்டத்தின் பெயரைக் கேட்ட சிறுவன் மகிழ்ந்தான். ஆனால், “ஐயா, தொன்மாவின் எலும்பு எங்கே?” என்று ஆசிரியரை வினவினான். “தம்பி, இம்மரங்கள் ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. தொன்மாக்களோ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டன” என்றார் அவர். சிறுவனின் முகம் வாடியது.

ஆண்டுகள் சென்றன. பதின்மூன்று வயதில் உடன்படிப்போர் அவனை ஏளனம் செய்தனர். “இன்னும் பொம்மையா?” என்றனர். தந்தையோ, “பாடத்தைப் படி, பல்லிகளை விடு” என்றார். சிறுவன் தன் பன்னிரண்டு தொன்மாக்களையும் ஒரு தகரப் பெட்டியில் அடுக்கிப் பரண்மேல் ஏற்றினான். வீட்டார் நிம்மதி அடைந்தனர். ஆனால் பாட்டி ஒன்றைக் கவனித்தாள். அவன் கேள்வி கேட்பதையும் அன்றே நிறுத்திவிட்டான். வகுப்பில் எழுந்து ஐயம் கேட்பதில்லை. முற்றத்துக் கோழியைத் திரும்பிப் பார்ப்பதுமில்லை. பெட்டிக்குள் பொம்மைகளோடு வேறொன்றும் அடைபட்டுப் போயிற்று.

அரியலூரில் சிமெண்டு ஆலை ஒன்றில் பணிபுரிந்த தாய்மாமன், கோடை விடுமுறையில் அவனைத் தம் ஊருக்கு அழைத்துச் சென்றார். அரியலூர்ப் பகுதி ஒருகாலத்தில் கடலாக இருந்தது. அக்கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகள் படிந்த சுண்ணாம்புக் கல்லே இன்று சிமெண்டு ஆகின்றது. மாமன் அவனைக் கல்லமேட்டுக்கும் கூட்டிச் சென்று, அவ்விடத்தின் வரலாற்றைக் கூறினார்.

அங்கே இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையினர் மாபெரும் எலும்புகளைக் கண்டனர். கீழ்க்கால் எலும்பு ஒன்று மட்டுமே ஏறக்குறைய 2 மீட்டர் நீளம் இருந்தது. யாதகிரி, அய்யாசாமி என்னும் அறிஞர் இருவர் 1980-களில் அவ்விலங்குக்குப் 'பிருகத்காயோசாரஸ்' என்று பெயரிட்டனர். 'பேருடல் கொண்ட பல்லி' என்பது அதன் பொருள். வடமொழியும் கிரேக்கமும் அதில் கைகோத்து நிற்கின்றன. ஆனால் அவ்வெலும்புகள் மிகவும் நொய்ந்திருந்தன. மழைக்காலத்து ஈரத்தில் அவை பொடிந்து மண்ணோடு மண்ணாயின. எஞ்சியவை குறிப்புகளும் படங்களுமே. “அவை எலும்பல்ல, கல்லான மரமாக இருக்கலாம்” என்றுகூடச் சிலர் ஐயுற்றனர்.

“காப்பாற்றியிருக்கக் கூடாதா, மாமா?” என்றான் சிறுவன். நெடுநாளுக்குப் பின் அவன் கேட்ட கேள்வி அது.

“கதை முடியவில்லை” என்றார் மாமன். “அவ்விருவருள் ஒருவரான அய்யாசாமி அதனை மறக்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின், 2022-இல், வேறோர் ஆய்வாளருடன் சேர்ந்து, பழைய படங்களை வெளியிட்டு, அவை நீண்ட கழுத்துடைய தாவர உண்ணித் தொன்மாவின் எலும்புகளே என்று எழுதினார்.”

சிறுவன் நெடுநேரம் பேசவில்லை. வளர்ந்த மனிதர் ஒருவர், ஏளனத்துக்கு அஞ்சாமல், தூளாகிப்போன ஓர் எலும்பை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நெஞ்சில் சுமந்தார் என்பதை அவன் எண்ணிப் பார்த்தான்.

ஊர் திரும்பியதும் பரணிலிருந்து பெட்டியை இறக்கினான். பொம்மைகளை அடுத்த வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்து, பெயர்களையும் சொல்லிக் கொடுத்தான். தனக்கென ஒரு குறிப்பேட்டை மட்டும் வைத்துக்கொண்டான். அதன் முதல் பக்கத்தில், 'எலும்பு ஏன் பொடிந்தது? மரம் ஏன் பொடியவில்லை?' என்று எழுதினான். பாட்டி அதனைக் கண்டு, “கோழியின் குலத்தை விட்டுவிட்டாயா?” என்றாள். “இல்லை ஆயா, இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன்” என்றான் அவன்.

இளமையில் அணிந்த சட்டை வளர வளரச் சிறிதாகும்; அதனைக் கழற்றிவிடுதல் முறையே. விளையாட்டுப் பொருளும் அத்தகையது. ஆனால் அறியும் ஆவல் சட்டையன்று. அது கண்ணைப் போன்றது. உடல் வளர்ந்தது என்பதற்காக எவரும் கண்ணைக் கழற்றி வைப்பதில்லை. காப்பாரின்றி மழையில் நனைந்த எலும்பு பொடிந்தது போல, ஏளனத்தில் நனைந்த ஆவலும் பொடிந்துவிடும். ஆதலின், மாணவர்களே, பொம்மையைப் பிறர்க்குக் கொடுங்கள். கேள்வியை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.