சமர்த்துக் குழந்தை

மைசூருக்குப் படிக்க வந்த நான் அக்ரஹாரத்தில் ஒரு மாடியறையில் குடியிருக்கிறேன். கீழ்வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாள் தருமபுரிப் பக்கத்தவர். அவர் வேலை முடிக்கும் வரை அவருடைய பெண்குழந்தை மாடிப்படியில் உட்கார்ந்திருக்கும். ஓடாது, அழாது, ஒரு பன்னும் அரை டம்ளர் டீயும் கொடுத்தால் போதும். "என்ன சமர்த்து! படிக்கிறவனுக்கு இதைவிட நல்ல துணை உண்டா?" என்று நான் பலமுறை மெச்சியதுண்டு.

ஒருநாள் வகுப்பில் குழந்தைகளை அளக்கும் முறையைக் கற்பித்தார்கள். கற்றதைச் செய்து பார்க்க வேண்டாமா? நாடாவுடன் படிக்கட்டுக்குப் போனேன். வயது இரண்டரை என்று நானே எழுதிக்கொண்டேன். உயரம் 91 சென்டிமீட்டர். வயதுக்கேற்ற வளர்ச்சிதான் என்று மகிழ்ந்தேன்.

"போன மாசந்தான் நாலு முடிஞ்சுது, தம்பி" என்றார் தாய்.

எனக்குப் பேச்சு எழவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட அளவையின்படி, நான்கு வயதுப் பெண்குழந்தை சுமார் 103 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். 94-க்குக் கீழே போனால் வளர்ச்சி குன்றியது என்று பொருள்.

நண்பர்களே, மெலிவு கண்ணுக்குத் தெரியும். குன்றிய வளர்ச்சி தெரியாது. வயதைக் குறைத்து எண்ணிக்கொண்டு நாம் கடந்து போய்விடுகிறோம். 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், கர்நாடகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 35 பேர் இப்படிக் குன்றியிருந்தனர். தமிழ்நாட்டில் 25 பேர். போதிய உணவில்லாத உடல், இருக்கும் சக்தியைச் சிக்கனம் பிடிக்கும், விளையாட்டைக் குறைக்கும். டீயோ, உணவிலுள்ள இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது. நான் மெச்சியது சமர்த்தையா, பசியையா?

இத்தனைக்கும் இது எந்த ஊர்? மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் 1950 முதல் இருக்கும் ஊர். நிலக்கடலை மாவையும் கடலை மாவையும் கலந்து, ஏழைக் குழந்தைகளுக்கென்று சத்துணவு கண்டது அந்த நிலையம். 1975 அக்டோபர் 2-இல் நாட்டின் 33 இடங்களில் அங்கன்வாடித் திட்டம் தொடங்கியபோது, இதே மாவட்டத்து டி.நரசீபுரமும் அவற்றுள் ஒன்று. அறிவும் இருக்கிறது, திட்டமும் இருக்கிறது. குறை எங்கே?

"இரண்டு தெரு தள்ளி அங்கன்வாடி இருக்கிறதே, அம்மா. மதியம் சாப்பாடும் போடுகிறார்களே?"

"அது திறக்கிற நேரத்துல நான் மூணாவது வீட்டுல இருப்பேன். யாரு தம்பி கொண்டுபோய் விடறது?"

குறை அந்த இரண்டு தெருவில் இருந்தது. அன்று முதல் வகுப்புக்குப் போகும் வழியில் நானே அவளைக் கொண்டுபோய் விடுகிறேன். பிற்பகலில் தாய் அழைத்து வருகிறார். முதல் இரண்டு ஆண்டுகளில் இழந்த உயரம் முழுவதும் திரும்பாது என்பதை நான் அறிவேன். ஆனாலும் ஆறு மாதத்தில் நாடா 94-ஐக் காட்டியது.

இப்போது மாலையில் அவள் படிக்கட்டில் உட்காருவதில்லை. ஏறி இறங்கி ஓடுகிறாள். கன்னடப் பாட்டு ஒன்றை உரக்கக் கத்துகிறாள். தேர்வு நெருங்குகிறது, எனக்குப் படிப்பு ஓடவில்லை. ஓடாவிட்டால் போகட்டும்!